நாத்தனார் குடி மாத்தின ப்ரோகிராம்

ஏங்க்கா, லிஃப்ட் நின்னா இப்படியா முழிப்பீங்க? நின்னுதான் இருக்கு, விழல. ‘சோதனை நடக்குது, ஏறாதீங்க’ன்னு கீழ ஒட்டியிருந்தோமே, பாக்கலையா? சோதிக்கறதுக்காக வெளியில சாவி போட்டுக் கதவைத் திறந்து நான் ஏறினா, பின்னாடியே நுழைஞ்சுட்டீங்க. அஞ்சாவது மாடி பல் டாக்டர்கிட்டதானே? கன்னம் வீங்கியிருக்கறதைப் பார்த்தாலே தெரியுது. பேசாதீங்க, பேசாதீங்க… வலிக்கும். நானே பேசறேன்.

எல்லாம் என் நாத்தனார் வேலைக்கா! வீட்டுலயும் அவதான், ஆபீஸ்லயும் அவதான், நான் எங்க போய் முட்டிக்கறது? எங்க ஆபீஸ் ஆறாவது மாடி. லிஃப்ட்டுக்கு ப்ரோகிராம் எழுதறதுதான் பொழப்பு. எழுதினதைச் சோதிக்க இருக்கவே இருக்கு, இந்த ஓசி லிஃப்ட்!

இது நான் எழுதின ப்ரோகிராம். என் பொண்ணு வயித்துல இருந்தப்பலேர்ந்து மூணு வருஷமா, மெமரியில முதல் இடத்துல ஜம்முனு இருந்துச்சு. திடீர்னு முதலாளி, அந்த இடம் வேற ப்ரோகிராமுக்கு வேணும், இதைத் தள்ளி வைங்கன்னுட்டார். தள்ளி வைக்கிற வேலை நாத்தனாருக்கு. உள்ள ஆயிரம் முகவரி கிடக்குக்கா… ‘இங்க போ, அங்கேர்ந்து எடு’ன்னு. ப்ரோகிராம் எவ்வளவு தள்ளிப் போகுதோ, அவ்வளவையும் ஒவ்வொரு முகவரியோடயும் கூட்டணும். எதெது முகவரின்னு மெஷினே பட்டியல் போட்டுக் குடுத்துடும். அதைப் பார்த்து வரிசையா கூட்டிட்டுப் போகவேண்டியதுதானே? அதுல கோட்டை விட்டுட்டா! லிஃப்ட் ஏறுது, இறங்குது, மணி கூட அடிக்குது… கதவு மட்டும், ம்ஹூம்!

காலையிலேர்ந்து முதலாளி அவளைக் காய்ச்சி எடுக்கறார். அஞ்சு மணிக்குள்ள கதவு திறக்கலேன்னா நாளைலேர்ந்து வராதேன்னுட்டார். பாவமாத்தான் இருக்கு… கொஞ்சூண்டு. ‘பட்டியல்ல ஒண்ணு விடாம மாத்திட்டேன் அண்ணி’ன்னு ஒரே அழுகை. அழுதா ஆச்சா? கதவோட முகவரி பட்டியல்ல…

இருங்க. இருங்கக்கா.

கதவு… ஐயையோ. அதை நான்தான்… அன்னிக்கு ஒரே மசக்கை, தலை வேற சுத்துது, சீக்கிரம் வீட்டுக்குப் போனா போதும்னு, பேர் குடுத்து எழுதாம வெறும் நம்பரா கையால அடிச்சுத் தொலைச்சேன்! வெறும் நம்பரைப் பார்த்தா அது முகவரின்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்? பட்டியல்ல எப்படி ஏறும்? அவ என்னக்கா பண்ணுவா? எல்லாம் இடம் மாறிடுச்சு, அது ஒண்ணு மட்டும் பழைய இடத்துக்கே போய்க் கதவைத் தேடுது, சனியன்!

காலையில அத்தனை பேர் முன்னாடி, ‘உனக்குக் கூட்டலே தெரியாதா’ன்னு கேட்டேனே அவளை…

மணி என்ன, நாலு அம்பதா? அக்கா, மேல ஆபீஸோட பேசற அந்த மஞ்சள் பட்டனைக் கொஞ்சம் அழுத்துங்களேன். அவதான் எடுப்பா. எனக்குக் கை வரமாட்டேங்குது.