ஒசாக்காவிலிருந்து வந்தவர்

லா ஷப்பல் மெற்றோ ரயில் மேடையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள்.

"ஜப்பானிலை குனிஞ்சு மன்னிப்புக் கேட்டிட்டுத்தான் வீடு தரமாட்டம் எண்டுவினம்" என்றார் இளையவர். என் காது அங்கேயே நின்றுவிட்டது.

"ஏன் தராயினமாம்?" என்று மூத்தவர் கேட்டார்.

"வெளிநாட்டுக்காரருக்குக் குடுக்கிறேல்லையாம், அண்ணை. ஒசாக்காவிலை போய்ப் பாத்த வீடெல்லாத்திலையும் இதே கதைதான்."

"உனக்குக் கோவம் வரேல்லையே?"

"மன்னிப்புக் கேக்கிற ஆளோடை என்னெண்டு கோவிக்கிறது? இஞ்சையெண்டா, டெலிபோனிலை பேரைச் சொன்ன உடனை, வீடு இப்பதான் போயிட்டுது எண்டுவாங்கள். அங்கை பொய் சொல்லேல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்."

"எல்லாரும் அப்பிடியோ?"

"இல்லை. கடைசியிலை ஒரு வீடு கிடைச்சது. நாங்கள் வேலைக்குப் போக, பக்கத்து வீட்டு மனுசிதான் மகளைத் தூக்கி வளத்தவ."

"சரி, இஞ்சை வந்து சேந்திட்டாய்தானே. இனியென்ன?"

இளையவர் தண்டவாளத்தைப் பார்த்தார். களைத்த முகம்.

"மகள் அங்கை பிறந்தவள், அண்ணை. இஞ்சை லெ பிளாங்-மெனில் வீட்டிலை ஒவ்வொரு நாளும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியிலை வந்து நிக்கிறாள். எங்கடை வீட்டை எப்ப போறம் எண்டு ஜப்பான் பாசையிலை கேட்டு அழுறாள்."