குழாய்க்கு நடுவுல ஒரு தொட்டில்

போர்ல சாதாரண ஜனங்களை அடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. நாடுகள் எல்லாம் ஒத்துக்கிட்ட சட்டம். பிறகு ஏன்யா ஆஸ்பத்திரி இடியுது? இதை நான் சட்டப் புத்தகத்தைப் பாத்துச் சொன்னா, மூணாவது வரிசை அண்ணாச்சி தூங்கிருவாரு. இப்பவே பாதி போயிட்டாரு! அதனால... சின்னக் கதையாச் சொல்லுதேன், அவரை எழுப்பி விடுங்க.

ஒரு ஊர்ல கீழத்தெரு, மேலத்தெரு. ரெண்டு தெருவுக்கும் ஒரே வாரத்துல அம்மன் கோயில் கொடைத் திருவிழா. கொடைன்னா என்ன? சாமியா? பொங்கலா? இல்லய்யா... மைக் செட்டு! கீழத்தெரு ரெண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டுனா, மேலத்தெரு நாலு குழாய். குழாய் யாரைப் பாத்து இருக்கும்? சாமியையா? எதிர்த் தெருவை!

நடுவுல ஒரே ஒரு வீடு. அதுல லிங்கம்மாள். பிள்ளை பெத்து ஒரு மாசங்கூட ஆகல. பச்சப்பிள்ளை கண்ணை மூடும்... டமார்னு பாட்டு. வீர்னு கத்தும். தூங்கல, பால் குடிக்கல, தூக்கித் தூக்கிப் போடுது. பாவம், அவ அழுதுக்கிட்டே ஊர்க்கூட்டத்துல போய் நின்னா. ஊரே உருகிப்போச்சு. ரெண்டு தெருத் தலைவரும் சூடம் ஏத்திச் சத்தியம் பண்ணுனாங்க. "பிள்ளை இருக்க வீட்டுப் பக்கம் குழாய் திரும்பாது!" என்னா கைதட்டல்...

மறுநாள் காலையிலயே பாட்டை ஆரம்பிச்சுட்டாங்க!

லிங்கம்மாள் மேலத்தெருத் தலைவர் ஆவுடையப்பன்கிட்ட ஓடுனா. "அண்ணாச்சி, சத்தியம் பண்ணுனியளே?"

"மீறவே இல்லியே தாயி! நாங்க கீழத்தெருவைத்தான் குறி வச்சோம். உன் வீடு ஊடால வந்துட்டு."

வந்துட்டாம்! வீடு நடந்து வந்துச்சாய்யா?

"அதுவும் போக, கீழத்தெரு மைக் செட்டுக்காரனுக்கு நீ ஒரு செம்பு தண்ணி குடுத்திருக்க. அப்போ அது வீடு இல்ல தாயி... எதிரி முகாம்!"

கீழத்தெருத் தலைவர் மாசானம் இவருக்கும் மேல. ரொம்ப நியாயஸ்தர். முன்கூட்டியே எச்சரிக்கை குடுத்தாரு. எதுல? அதே மைக்குல! "ஹலோ... ஹலோ... லிங்கம்மாள் வீட்டுக் குழந்தை உடனடியாக வீட்டைக் காலி செய்யுமாறு விழாக் கமிட்டி சார்பாகக் கேட்டுக்கொள்கிறோம்!" அதுக்குக் கழுத்தே நிக்கல... பெட்டியத் தூக்கிட்டு எங்கய்யா போகும்?

ஊர்ப் பெரியவங்க சும்மா இருப்பாங்களா? ஆழ்ந்த கவலை தெரிவிச்சாங்க. எதுல? அவங்களும் மைக்குலதான்!

லிங்கம்மாள் பாத்தா. இனி அழுது பிரயோசனமில்ல. நேரா மேலத்தெருப் பந்தலுக்குப் போனா. நாற்காலியில உக்காந்திருந்த ஆவுடையப்பன் மடியில பிள்ளையை வச்சா. "அண்ணாச்சி, செத்த பிடிங்க. குளிச்சிட்டு வாரேன்." போயிட்டா!

பிள்ளை வீர்னு கத்துது. அவரு ஆட்டிப் பாக்காரு, ஆரிராரோ பாடிப் பாக்காரு, மீசையை வேற இழுத்துக் காட்டுதாரு... ஒரு வழியா நெஞ்சுல சாஞ்சு தூங்கிருச்சு. அந்நேரம் பாத்து அடுத்த பாட்டு... டமார்! பிள்ளை உடம்பு பூரா நடுங்குது. அந்த நடுக்கம் முதல் தடவையா அவரு நெஞ்சுல தட்டுது.

"ஏல! நிறுத்துல! பச்சப்பிள்ளை இருக்குல்லா!"

நாலு குழாயும் நின்னுபோச்சு. கீழத்தெருச் சத்தம் நிக்கல. பிள்ளையோட எந்திரிச்சு அங்க ஓடுனாரு. "மாசானம்... இந்தா நீ பிடி!" பிடிச்சாரு. அவ்வளவுதான், அங்கயும் கப்சிப்.

லிங்கம்மாள் குளிச்சிட்டு வந்து, "எம்பிள்ளை எங்க?"ன்னா. ரெண்டு தலைவரும் பிள்ளை மேல ஈ உக்காராம விரட்டிக்கிட்டு இருக்காங்க. "ஷ்ஷ்... மெதுவாப் பேசு தாயி!"

அய்யா... புதுச் சட்டம் ஏதாவது போட்டாங்களா? அதே சத்தியம், அதே சூடம். நேத்து வரைக்கும் பிள்ளை அவ மடியில இருந்துச்சு. இன்னைக்கு இவங்க மடியில. குண்டு போடச் சொல்லுத எந்தப் பெரிய மனுசன் மடியிலயும் பிள்ளை இல்லய்யா. எனக்கு வயிறு எரியுது. பிள்ளையை அவங்க மடியில கொண்டுபோய் வைக்கிற வேலையை லிங்கம்மாள் ஒருத்தி தலையில கட்டிட்டு நாம கவலை தெரிவிச்சுக்கிட்டு இருந்தா எப்படி? நாளைக்குச் செய்தியில எவனாவது, "நாங்க எதிரியைத்தான் அடிச்சோம், வீடு ஊடால வந்துட்டு"ன்னு சொல்லுவான். அப்போ எல்லாரும் சேர்ந்து கேளுங்க... மூணாவது வரிசை அண்ணாச்சி, நீங்களும்தான்...

வீடு நடந்து வந்துச்சாய்யா?