சும்மாடு தேடி வந்த அம்மையாருக்குச் சந்தைச் சுமைத் தொழிலாளர்களின் வாழ்த்து

அன்பில் ஆழ்ந்தவரே! அலுப்பறியா ஆற்றலே! பாடம் படிக்க வந்த பிள்ளைகளைப் பாரம் சுமக்கப் பழக்கிய பண்பின் பெட்டகமே! பல்கலைக்கழகத்தின் மாணவர் தொண்டுப் பிரிவை இருபத்திரண்டு ஆண்டுகள் தோளில் தாங்கி, தொய்யாமல் நடந்து, இன்று பணி நிறைவு காணும் எங்கள் அம்மையாரே! வணக்கம், வணக்கம், தலை தாழ்ந்த வணக்கம்!

தங்கள் பட்டங்களையும் பதவிகளையும் தங்களோடு வேலை பார்த்தவர்கள் இந்த மேடையில் சொல்லியிருப்பார்கள். காய்கறி மொத்தச் சந்தையில் மூட்டை தூக்கிப் பிழைக்கும் எங்களுக்கு அதெல்லாம் அவ்வளவாகத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது ஒரு வாரத்துக் கதை. அதைச் சொன்னாலே தங்களைப் பாராட்டியது ஆகும் என்று சங்கத்தில் எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னதால் அதையே எழுதுகிறோம்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன், சந்தைக்கு விடுமுறையான ஒரு ஞாயிற்றுக்கிழமையில், தங்கள் மாணவர்கள் நாற்பது பேர் துடைப்பமும் வாளியுமாக வந்து இறங்கினார்கள். யாரும் கூப்பிடவில்லை, அவர்களும் யாரையும் கேட்கவில்லை. வேலையில் குறை சொல்ல முடியாது. அழுகிய தக்காளிச் சாறு ஊறிக் கறுத்துக் கிடந்த தரையைத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி ஆக்கினார்கள். போகிற போக்கில், எங்கள் கொட்டகைச் சுவரில் ஆணிக்கு ஒன்றாகத் தொங்கிய முப்பத்தொரு கந்தல் சுருளையும் அள்ளிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

அந்தக் கந்தல்கள்தாம் எங்கள் சும்மாடுகள். தலைக்கும் மூட்டைக்கும் நடுவே வைக்கிற துணிச்சுருள். பார்ப்பவர் கண்ணுக்கு அழுக்குத் துணி. சுமப்பவர் தலைக்கு அது இரண்டாவது மண்டையோடு. அவரவர் தலையின் மேடு பள்ளத்துக்குப் படிய ஒரு மாதமாவது ஆகும். ஒருவர் சும்மாட்டை இன்னொருவர் வைத்தால் மதியத்துக்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

திங்கட்கிழமை விடியலில் பதினோரு லாரி உருளைக்கிழங்கு வந்து நின்றது. சங்கத் தலைவர் வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். இளவயதில் பந்தயம் கட்டி, நிற்காமல் எட்டு மூட்டையை ஏற்றி இறக்கியதால் அவருக்கு எட்டுமூட்டை என்று பேர். அவர் மனைவியே அப்படித்தான் கூப்பிடுவார்.

"எவன்டா எடுத்தது?"

"படிக்கிற புள்ளைங்க வந்து சுத்தம் பண்ணிட்டுப் போச்சுங்கண்ணே," என்றார் டீக்கடைக்காரர். "ரொம்ப நல்லா பெருக்குனாங்க."

"நல்லா பெருக்குனாங்களா? நம்ம பொழப்பையே வாரிக் கொட்டிட்டுப் போயிருக்காங்க, நீ வேற பாராட்டுப் பத்திரம் வாசிக்கிற!"

அன்று துண்டைச் சுருட்டி வைத்துத் தூக்கியதில் இரண்டு பேருக்குக் கழுத்து சுளுக்கியது. எட்டுமூட்டை அழுக்குச் சட்டையோடு நேரே பல்கலைக்கழகத்துக்குப் போய், இனி மாணவர் எவரும் சந்தைக்குள் கால் வைக்கக் கூடாது என்று புகார் கொடுத்தார். தொண்டுப் பிரிவே வீண் என்று நினைத்துக்கொண்டிருந்த மேலிடத்துக்கு அது வெறும் வாய்க்குக் கிடைத்த அவல் ஆயிற்று. சனிக்கிழமைக்குள் சங்கம் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தராவிட்டால் பிரிவையே மூடிவிடுவது என்று முடிவு செய்தார்கள். மருத்துவமனையில் நோயாளிக்குத் துணை இருப்பதும், பார்வையற்றவர்களுக்குப் பாடம் வாசித்துக் காட்டுவதும் எல்லாம் அதோடு நிற்கும். தங்கள் வேலையும் போகும்.

இது காதுக்கு வந்தபோது எட்டுமூட்டை அசையவில்லை. "மூடட்டும். நம்ம கழுத்து வலிக்கு யாரு லீவு விட்டா?" என்றார்.

செவ்வாய் விடியலில் அந்த நாற்பது பேரையும் கூட்டிக்கொண்டு தாங்கள் சந்தைக்கு வந்தீர்கள். எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தனக்குத் தெரியும் என்ற நினைப்பில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கையெழுத்து கெடைக்காதும்மா. லாரி நிக்குது, வழிய விடுங்க."

"கையெழுத்து நான் கேக்கவே இல்லியே! ஒவ்வொரு சும்மாடும் எப்படி இருக்கும்னு அடையாளம் சொல்லுங்க. குப்பைக் கிடங்குக்குப் போறோம்."

எட்டுமூட்டைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடல்ல கரைச்ச பெருங்காயத்த வடிகட்டி எடுக்கப் போறீங்களாக்கும்!"

"வாசனையாவது வருதான்னு பாப்போம், சொல்லுங்கண்ணே."

நீல லுங்கிக் கரை, சாக்கு நூல் தையல், ஓரத்தில் பீடி சுட்ட ஓட்டை என்று முப்பத்தொரு பேரும் அடையாளம் சொல்ல, ஒரு மாணவர் எழுதிக்கொண்டார். இரண்டு நாள் கிடங்கைக் கிளறினீர்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு தாங்களும் கிளறியதைக் குப்பை வண்டிக்காரர் வந்து சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. பத்தொன்பது கிடைத்தது. ஆர்வக் கோளாறில் ஒரு பையன் ஒன்றைச் சோப்புப் போட்டு வெளுத்துவிட்டான். அது படிமானம் போய்ப் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. அதன் சொந்தக்காரர், "தம்பி, என் தலையையும் சேத்துத் தொவைச்சிட்டியே!" என்று அலறியதில் அழுதுகொண்டிருந்த பையனே சிரித்துவிட்டான்.

பன்னிரண்டு கிடைக்கவே இல்லை. எட்டுமூட்டையுடையதும் அதில் ஒன்று. புதுச் சும்மாடு படிகிறவரை அந்தப் பன்னிரண்டு பேரின் சுமையில் பாதியைப் பிள்ளைகள் தூக்குவார்கள் என்று தாங்கள் சொன்னீர்கள். வெள்ளிக்கிழமை அப்படியே தூக்கினார்கள். கட்டடப் பொறியியல் படிக்கும் ஒரு பெண், நாங்கள் கண்ணாடிக்காரி என்று கூப்பிட்டவள், அரை மூட்டை வெங்காயத்தோடு லாரிக்கும் கடைக்கும் நடுவழியில் மூட்டை ஒருபக்கம் சாய நின்றுவிட்டாள். எட்டுமூட்டை ஓடிப்போய் மூட்டையைப் பிடித்தார்.

"முடியலன்னா முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?"

"முடியாம இல்லண்ணே. நடுவுல எறக்கி வச்சு மூச்சு வாங்க ஒரு எடம்கூட இல்லியே. நீங்கல்லாம் எங்க எறக்குவீங்க?"

"நாங்க எங்க எறக்குறது? கீழ வச்சா திரும்பத் தூக்கிவிட ஆள் வேணாமா?"

சொல்லிவிட்டு அவர் அந்த மூட்டையோடு அப்படியே நின்றார். முப்பத்து நான்கு வருடம் அந்த இருநூற்று முப்பது அடியை நடந்தவர். எங்கே இறக்குவாய் என்று அவரை யாரும் கேட்டதில்லை. அவரே தன்னைக் கேட்டுக்கொண்டதும் இல்லை. தலையில் கீரைக் கட்டோடு பக்கத்தில் நின்ற தாங்கள் அந்த நேரத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் காரியம் கெட்டிருக்கும். அந்த மௌனத்துக்கும் சேர்த்துத்தான் அம்மையாரே, இந்த மாலை!

சனிக்கிழமை சங்கம் கூடியது. "மூட்டை தூக்கத் தெரியாத கூட்டம் நமக்கு எதுக்கு?" என்று நாலு பேர் எழுந்தார்கள்.

"தூக்கத் தெரியலதான். கேக்கத் தெரியுதுல்ல?" என்றார் எட்டுமூட்டை. பல்கலைக்கழகம் அடித்து அனுப்பிய தாளை ஒருவர் வாசித்ததும் அவருக்குக் கோபம் வந்தது. "ஆட்சேபணை இல்லைன்னா என்னய்யா அர்த்தம்? வந்தா வா, வராட்டிப் போன்னா? அத அடிச்சிட்டு, கட்டாயம் வரணும்னு எழுது. வந்ததும் மொதல்ல எங்களக் கேக்கணும், அதையும் எழுது."

எழுதியதன் கீழே கையெழுத்துப் போட்டார். தொண்டுப் பிரிவு பிழைத்தது.

அதன் பிறகு நடந்ததை ஊரே அறியும். சந்தை வழியில், மூட்டையை இறக்கி வைத்து மூச்சு வாங்க, தலை உயரத்தில் இரண்டு சுமைதாங்கிகள் நிற்கின்றன. நெட்டையருக்கு ஒன்று, குட்டையருக்கு ஒன்று. அளவு நாங்கள் சொன்னது, கணக்குப் போட்டவள் கண்ணாடிக்காரி, செங்கல் சுமந்தவர்கள் பிள்ளைகள். முதல் வாரம் கூட நின்று வேலை பார்த்துக் கேட்பது, இரண்டாம் வாரம்தான் தொண்டு தொடங்குவது என்று தாங்கள் வகுத்த வழி மருத்துவமனை, பள்ளிக்கூடம், பேருந்து நிலையம் என்று எல்லா இடத்துக்கும் போனது. நாற்பது பேராக வந்தவர்கள் இன்று அறுநூறு பேர். மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் மாதம் ஒருமுறை எங்கள் முதுகெலும்பைத் தட்டிப் பார்க்கிறார்கள். மதிய நேரத்தில் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து நாங்கள் எழுத்துக் கூட்டுகிறோம்.

தவறு செய்த பிள்ளைகளைத் தள்ளிவிடாத தாயே! மன்னிப்பைக் காகிதத்தில் அனுப்பாமல் குப்பைக் கிடங்கில் தோண்டி எடுத்துத் தந்த தகைமையே! தங்கள் கழுத்து நிமிர்ந்தே இருக்கட்டும், முழங்கால் வலி அறியாதிருக்கட்டும், பேரப் பிள்ளைகள் தோளேறி விளையாட, நூறாண்டும் அதற்கு மேலும் நலமாக வாழ்க, வாழ்க என்று உழைத்துக் காய்த்த கைகளைக் கூப்பி வாழ்த்துகிறோம்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறோம். தங்களுக்குப் பல்கலைக்கழகம் ஓய்வு கொடுத்திருக்கிறது. சங்கத்தைக் கூட்டிக் கேட்டுப் பார்த்தோம். நாங்கள் கொடுப்பதாக இல்லை. வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புதுப் பிள்ளைகள் ஐம்பது பேர் சந்தைக்கு வருகிறார்கள். எதைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு இன்னும் தெரியாது. வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வரவை எதிர்பார்த்து நிற்கும்
எட்டுமூட்டை அண்ணனும்
காய்கறிச் சந்தைச் சுமைத் தொழிலாளர்கள் முப்பது பேரும்