அரைக் கட்டை

ஆம்ப்ரோஸ்: ...பாத்தியா செட்ரிக்? ஒத்திகையில கடைசிச் சுரம் முடிஞ்சு பாட்டு மாஸ்டர் பியானோவத் தட்டினார், அச்சு அசலா அதே சுருதி! ஆறு வாரத்துல மொத தடவை.

செட்ரிக்: பாத்தேன். மனுஷன் சிரிச்சுட்டார். மேல்குரல் பாடற பொடிசுங்க பயந்தே போச்சுங்க.

ஆம்ப்ரோஸ்: எல்லாம் யாரால?

செட்ரிக்: உன்னாலதான் ஆம்ப்ரோஸ். இந்தக் கோயிலே உன் தொண்டை மேலதானே நிக்குது!

ஆம்ப்ரோஸ்: கிண்டலா? போன வாரம் என்ன சொன்னார்? "ஆர்கன் துணையில்லாம எட்டுக் குரல்ல பாடற புதுப் பூசைப் பாட்டு இது. அடிக்குரல் கிழவங்க ரெண்டு பேர்ல எவனோ எல்லாரையும் அரைக் கட்டை கீழ இழுக்கறான். எவன்னு தெரியல. அடுத்த வாரமும் இழுத்தா ரெண்டு பேரும் அங்கியக் கழட்டிட்டு..."

செட்ரிக்: "...ஞாயித்துக்கிழமை பெஞ்சுல உக்காந்து கேளுங்க." அன்பா சொன்னார்.

ஆம்ப்ரோஸ்: உன்னைப் பாத்துதான் சொன்னார். கடிகாரம் ரிப்பேர் பண்றவனுக்குப் பாட்டு எதுக்கு?

செட்ரிக்: வாஸ்தவம். பன்னி வெட்டற கத்தியில சுருதி தீட்டறவன் நீ, உனக்குத்தான் பாட்டு.

ஆம்ப்ரோஸ்: போய்யா.

செட்ரிக்: ஞாயித்துக்கிழமை... சண்டையில செத்துப்போனவங்க பேரெல்லாம் வாசிப்பாங்கல்ல?

ஆம்ப்ரோஸ்: ம். நெவில் பேரு பதினேழாவது. அது முடிஞ்சதும் கடைசிப் பாட்டு. "எங்களுக்குச் சமாதானம் தந்தருளும்"... எம்புள்ளைக்காக அந்த வரியில நான் நிக்கணும்யா. பெஞ்சுல உக்காந்து கேக்க என்னால முடியாது.

செட்ரிக்: அதான் இன்னைக்கு அவ்வளவு பிரமாதமோ!

ஆம்ப்ரோஸ்: பின்ன?

செட்ரிக்: என்ன வாய், என்ன அசைவு! செவர்ன் ஆத்து மீனெல்லாம் உன்கிட்ட பிச்சை வாங்கணும்.

ஆம்ப்ரோஸ்: மீனா? ஏன்யா?

செட்ரிக்: சத்தம்தான் ஒண்ணையும் காணோம்.

ஆம்ப்ரோஸ்: மெல்லப் பேசுய்யா! ...தெரிஞ்சுபோச்சா?

செட்ரிக்: தோளோட தோள் ஒட்டி நிக்கறேன். தெரியாதா?

ஆம்ப்ரோஸ்: சரி... இழுக்கறது நான்தான். காது மந்தமாயிடுச்சு. ஞாயித்துக்கிழமையும் சும்மா வாயசைச்சுட்டு நிக்கறேன், நின்னாப் போதும். மாஸ்டர்கிட்ட சொல்லிடாதய்யா.

செட்ரிக்: சொல்லி எனக்கென்ன மெடலா தரப்போறாரு?

ஆம்ப்ரோஸ்: ஆனா ஒண்ணு புரியல. உனக்கோ பாம்புக் காது. நான் இறங்கினப்ப நீ சுருதியில நின்னிருக்கலாமே? மொத நாளே நான் மாட்டியிருப்பேன், நீ தப்பிச்சிருப்பே.

செட்ரிக்: அதனாலதான் நிக்கல. ரெண்டு பேரும் சேந்து இறங்கினா எவன்னு அவருக்கு எப்படித் தெரியும்? ஆறு வாரமா பல்லக் கடிச்சுக்கிட்டு அபஸ்வரம் பாடறேன், இன்னைக்குத்தான் என்னை ஒழுங்காப் பாட விட்டே. ஞாயித்துக்கிழமை பூசை நடுவுல எவனும் பியானோவத் தட்ட மாட்டான். நீ வாயத் திறந்து பாடுய்யா... நான் கூடவே இறங்கி வரேன்.