மொட்டைத் தலையும் கந்தசட்டி விரதமும்

கந்தசட்டி முதல் நாள் காலை, மானிப்பாயிலிருந்து யாழ்ப்பாணம் போகும் தட்டிவானில் எனக்கு எதிரே இருந்த மொட்டைத் தலைப் பெரியவர் இடியப்பப் பார்சலை அவிழ்த்தார். பக்கத்தில் விபூதியும் பசியுமாக இருந்தவருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன அண்ணை, நேத்திக்கடனுக்கு மொட்டையும் அடிச்சுப்போட்டு, விரதம் பிடிக்கேல்லையே?"

"நேத்திக்கடனில்லைத் தம்பி. சீப்புப் பட்டாலே தலை நொந்தது, வழிச்சுப்போட்டன். சாப்பாட்டைச் சப்பேக்கை தாடையும் நொந்தது. சூத்தையெண்டு நினைச்சு நல்ல பல்லிலை மூண்டைப் புடுங்குவிச்சன்."

"பிறகு?"

"ஒருநாள் ஒரு கண் கொஞ்சநேரம் இருட்டிப்போச்சுது. ஆசுப்பத்திரிக்கு ஓடினன். டாக்குத்தர் நெத்திப்பொட்டைத் தடவிப் பாத்திட்டு, தலை ரத்தக்குழாய் வீங்கிக் கிடக்கெண்டார். வயசான ஆக்களுக்கு வாறதாம். அதிலை சின்னத் துண்டு வெட்டியும் சோதிச்சவை. இப்ப குளிசை மருந்து. நோவில்லை, நல்ல பசி."

"ஆறு நாளைக்குக் குளிசையை விட்டால் என்ன?"

"விட்டால் கண் போயிடுமாம். வெறுவயித்திலை போடவும் கூடாதாம்."

"முருகன் கோவிக்க மாட்டாரே?"

பெரியவர் சம்பலை ஆறுதலாகக் குழைத்தார்.

"சூரன்போருக்கு நல்லூரிலை சந்திப்பம். நீர் விரதத்தோடை வாரும். நான் கண்ணோடை வாறன்."