பதினாலு விழுந்தும் படாத அடி

– உங்க பகடையில பதினாலு விழுந்திருக்கு. அப்பவும் உங்க அடி என் மேல படல. எப்படிங்க?

– என் நேரம் சரியில்ல, அவ்வளவுதான். நீ ஜெயிச்சுட்ட, நான் தோத்துட்டேன். வா, பெட்டியக் கட்டலாம்.

– பெட்டிய அப்புறம் கட்டிக்கலாம். அந்த ரிமோட்ட வச்சிட்டு இப்படி உக்காருங்க.

– ஞாயித்துக்கிழமை மத்தியானம் மனுஷன் சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் சாய வேண்டாமா? நமக்குள்ள என்ன பேச்சு? கேம்ல உன் ஆளும் என் ஆளும் மோதணும். நீ ஜெயிச்சா உன் புது வேலைக்காக ரெண்டு பேரும் அந்த ஊருக்குப் போறோம். நான் ஜெயிச்சா இங்கயே இருந்து என் மூக்குக்கண்ணாடிக் கடையப் பாத்துக்கறோம். மூணு வாரமா நீயும் வாயத் திறக்கல, நானும் திறக்கல. கடைசியில கேம் சொல்லிடுச்சு.

– கேம் சொல்லல. நீங்க சொல்ல வச்சிருக்கீங்க. ஒவ்வொரு அடியையும் அது எழுதி வச்சிருக்கு, பாருங்க.

– அட விடும்மா. லேப்ல ரத்தத்தப் பாக்கற மாதிரி இதையும் பாக்கணுமா?

– ரிசல்ட் வழக்கத்துக்கு மாறா வந்தா, ரெண்டாவது தடவை பாக்காம நான் கையெழுத்துப் போட்டதே இல்ல. உங்க ஆளோட பலம் எவ்வளவு?

– பதினெட்டு.

– பத்துக்கு மேல எட்டு இருக்கு. அதுல பாதி நாலு. அந்த நாலு உங்க ஒவ்வொரு அடியோடயும் சேரும்.

– சேரட்டும்.

– வாள் பழகினதுக்கு மூணு. அது மந்திர வாள்ங்கறதால ஒண்ணு. ஆக எட்டு. இருபது முகப் பகடையில என்ன விழுதோ, அதோட இந்த எட்டக் கூட்டணும். என் கவசம் பதினஞ்சு. கூட்டினது பதினஞ்சத் தொட்டாலே எனக்கு அடி பட்டுடும்.

– அதாவது பகடையில ஏழு விழுந்தாலே போதும்.

– பாருங்க, எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டுத்தான் ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி முழிச்சீங்களா! பதினாலும் எட்டும் இருபத்திரண்டு. அடுத்து விழுந்தது பன்னண்டு, பதிமூணு, ஒன்பது. நாலுமே பட்டிருக்கணும். ஆனா இங்க பதினாலு விழுந்ததுக்கு மொத்தமும் பதினாலுன்னுதான் போட்டிருக்கு. அந்த எட்டு எங்க போச்சு?

– எலி தூக்கிட்டுப் போயிருக்கும்.

– சிரிக்காதீங்க, எனக்குக் கோவம் வருது. நீங்க வாள எடுக்கவே இல்ல. கோடரியத் தூக்கிட்டு வந்திருக்கீங்க. உங்க ஆளுக்குக் கோடரி பிடிக்கவே தெரியாது. பழக்கத்துக்கு வர்ற மூணும் போச்சு, மந்திரத்துக்கு வர்ற ஒண்ணும் போச்சு. தெரியாத ஆயுதம்னு நாலு வேற கழிச்சிருக்கு. பலத்துக்கு வந்த நாலும் அதுல கரைஞ்சிடுச்சு. கூட்டறதுக்கு மிச்சம் ஒண்ணுமே இல்ல.

– கோடரி பாக்க ஜோரா இருந்துச்சும்மா.

– கேடயத்தையும் கழட்டிப் போட்டிருக்கீங்க. அது இருந்தா உங்க கவசம் பதினெட்டு, இல்லன்னா பதினாறு. எனக்குக் கூட்டிக்கறதுக்கு வெறும் மூணுதான். நான் போட்டது பதிமூணும் பதினாலும். கேடயம் இருந்திருந்தா ரெண்டுமே உங்க மேல பட்டிருக்காது.

– கோடரிக்கு ரெண்டு கை வேணும். கேடயத்த எதால பிடிக்கறது, பல்லாலயா?

– வேணும்னேதான் தோத்தீங்க. ஆமாவா, இல்லையா?

– ஆமா, போதுமா?

– ஏங்க?

– அந்த வேலைக்கு வரச்சொல்லி வந்த மெயில நீ எத்தன தடவை படிச்சன்னு எனக்குத் தெரியாதா? குளிக்கப் போறப்பகூட ஃபோன் உன் கையில இருந்துச்சு. ஒரு லேப் முழுக்க உன் பொறுப்பு. பதினோரு வருஷமா எதிர்பார்த்தது. போகாதன்னு சொல்ல எனக்கு வாய் வரல. போன்னு சொன்னா, மனசில்லாம சொல்றேன்னு என் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சுடுவ. தோத்துட்டா ஒண்ணுமே சொல்ல வேண்டாம் பாரு.

– அப்ப கடை?

– யார்கிட்டயாவது ஒப்படைச்சுட வேண்டியதுதான். அங்க மட்டும் யாருக்கும் கண்ணு மங்காதா என்ன?

– போன மாசம்தான் புது அலமாரி அடிச்சீங்க. நாலு நாள் உக்காந்து அளவெடுத்து.

– அலமாரி வெறும் மரம்மா. அத நீ நினைச்சுக்கிட்டு இருக்காத.

– இன்னொரு தடவை மோதலாம். ஒழுங்கா வாள எடுத்துட்டு வாங்க.

– முடியவே முடியாது. ஜெயிச்சவங்க யாராவது மறுபடி ஆடலாம்னு கெஞ்சுவாங்களா? உனக்கு என்னதான் ஆச்சு?

– வாளும் கேடயமும் இருந்தா உங்க அடி பட இருபதுக்குப் பதினாலு வாய்ப்பு. என் அடி பட ஆறு. எல்லாத்தையும் கூட்டிப் பாத்துட்டுத்தான் உங்கள மோதலுக்கே கூப்பிட்டேன்.

– நீ தோத்துடுவன்னு தெரிஞ்சேவா? எதுக்கு?

– கடைக்காக நான் விட்டுக்கொடுத்தேன்னு நீங்க காலம் பூரா வருத்தப்படக் கூடாது. கேம்ல தோத்தேன், அதனால போகலன்னு இருக்கட்டும்னு நினைச்சேன். அந்த வேலை வேண்டாம்னு வெள்ளிக்கிழமையே எழுதி அனுப்பிட்டேங்க.