சிரித்தபடி சென்றவர்

பிள்ளை ஹம்சத்வனி,

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருந்தீர். "மாமா, அப்பாவோட நீங்கள்தானே கனகாலம் பழகினனீங்கள், பகிடியா ஒண்டு எழுதித் தாங்கோ" என்றீர். என் கையெழுத்து மோசம். அதனால் நிதானமாக எழுதுகிறேன். சமையலறை மேசையில் இருக்கிறேன். இதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய்க் குழாயைப் பார்த்துவிட்டேன். தண்ணீர் சொட்டுகிற மாதிரி இருந்தது, சொட்டவில்லை.

அட்டையில் 'சிரித்தபடி சென்றவர்' என்று போடப்போவதாகச் சொன்னீர். அதில் ஒரு சிறு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

நோர்வேக்கு வரமுன் மூன்று வருடம் இத்தாலியில், பலெர்மோவில் ஒரு வயோதிபத் தம்பதியின் வீட்டில் நான் வேலைக்கு நின்றது உமக்குத் தெரியும். ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் பழைய படம் பார்ப்பார்கள். நாலைந்து குட்டிக் கதைகளை ஒன்றாகக் கோர்த்த கறுப்பு வெள்ளைப் பகிடிப் படங்கள். ஒரு கதையில், முன்கூட்டியே வாங்கிவைத்த சவப்பெட்டி தோளில் இறுக்குகிறதென்று கிழவன் ஒருவன் அதைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவான். படுத்துப் பார்த்த பெட்டியைத் திருப்பி எடுப்பதில்லை என்பான் கடைக்காரன். இருவரும் சட்டம் கதைப்பார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இராது. அதுதான் அந்தப் படங்களின் உயிர். முகம் அசைந்தால் பகிடி செத்துவிடும். இதை உம்முடைய அப்பாவுக்கு எத்தனையோ தடவை சொன்னேன்.

ஆறு வருடமாக ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, ஹொல்ம்லியா மண்டபத்தில் அந்தப் படங்களைப் போட்டுக் காட்டினேன். எங்கள் சனத்துக்கு இத்தாலியன் தெரியாது, கீழே ஓடுகிற நோர்வேஜிய எழுத்தை எட்டிப் பிடிக்கவும் ஏலாது. அதனால் திரைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, மைக்கோடு சனத்தைப் பார்த்தபடி இருந்து நான் தமிழில் கதை சொல்வேன். படங்கள் எனக்கு மனப்பாடம், திரையைப் பார்க்கத் தேவையில்லை. எங்கே சிரிப்பது, எங்கே பேசாமல் இருப்பது என்பதைச் சனம் என் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும்.

உம்முடைய அப்பா இரவீந்திரன் முன்வரிசையில் வலப்பக்கத்துக் கடைசிக் கதிரையில் இருப்பார். திரையில் யார் எதைச் செய்தாலும் அவர் அதைச் செய்து காட்டுவார். பாதிரியார் தும்மினால் தும்முவார், மாமியார் மயங்கினால் மயங்குவார். நான் வாய் திறக்கமுன் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திவிடுவார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். முடிந்ததும் எல்லோரும் அவர் முதுகில் தட்டிவிட்டுப் போவார்கள். என்னிடம், "கிளெமென்ற் அண்ணை, கதிரையளை அடுக்கவோ" என்று கேட்பார்கள்.

எனக்கு எரிச்சல்தான். மறைக்க ஒன்றுமில்லை. ஒருநாள் ரயிலில் அவரிடம் சொன்னேன், கொஞ்சம் அடக்கி இரும் என்று.

"உம்மட முகத்தைப் பாத்தால் சனம் செத்தவீடெண்டு நினைக்கும்" என்றார். "நானில்லாட்டி ஒருத்தரும் வராயினம், கிளெமென்ற்."

பகிடிக்குத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். பிறகு அதைப் பற்றி யோசித்ததே இல்லை. அது போன வருடத்துக்கு முந்தின வருடம், ஒக்டோபர் ஒன்பதாம் திகதி, திங்கட்கிழமை.

குழாயை மறுபடி பார்த்துவிட்டு வந்தேன்.

அப்பா செத்த சனிக்கிழமை போட்ட படத்தில் ஐந்து கதைகள். மூன்றாவது முடிந்ததும் தேத்தண்ணி. உம்முடைய அம்மா ஆட்டிறைச்சி ரோல்ஸ் செய்து கொண்டுவந்திருந்தார். விளக்கை அணைத்து நாலாவதைத் தொடங்கும்போது அப்பாவின் கையில் இரண்டாவது ரோல்ஸ் இருந்தது. அந்தக் கதையில் ஒரு ஞானஸ்நான விருந்து. காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசு ஒருவருக்கு மீன்முள் தொண்டையில் சிக்கிவிடும். விருந்துக்கு இரண்டு வைத்தியர்கள் வந்திருப்பார்கள். "நீங்கள் பாருங்கள்," "இல்லை, மூத்தவர் நீங்கள்தான் பார்க்கவேண்டும்" என்று மரியாதை கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். கேக் வரும், வெட்டுவார்கள், நொத்தாரிசு செத்துப்போவார். வைத்தியர்கள் கடைசித் துண்டையும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பார்கள். அவ்வளவு நுட்பமான கதை.

நொத்தாரிசு தொண்டையைப் பிடித்தபோது அப்பாவும் பிடித்தார். சனம் சிரித்தது. நானும் அவர் செய்து காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன், முதல் ஐந்து விநாடி.

இருபத்திநாலு வருடம் பஸ் ஓட்டியவன் நான். எங்களுக்கு முதலுதவி வகுப்பு வைப்பார்கள். தொண்டை அடைத்தவன் இருமினால் அவனுக்கு மூச்சு இருக்கிறது, சத்தமே வராதவனிடம் ஓடு என்று படிப்பித்தார்கள். அப்பா எதைச் செய்து காட்டினாலும் பெரிய சத்தத்தோடுதான் செய்வார். அன்று சத்தம் வரவில்லை. திரை வெளிச்சத்தில் உதடுகளின் நிறம் மாறுவது தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். மற்றவர்கள் அவருக்குப் பின்னால் இருந்தார்கள், அம்மா பக்கத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நேரே கண்டது நான் மட்டும்தான். என் கதிரையிலிருந்து அவருடைய கதிரைக்கு நாலு எட்டு. பிறகொருநாள் போய் நடந்து பார்த்தேன், நாலுதான்.

முதலில் முதுகில் ஐந்து தட்டு தட்டவேண்டும். சனம் வழக்கமாக அவருக்குத் தட்டுகிற இடம்தான்.

நீர் நியாயமாக யோசித்தால் உமக்கே விளங்கும். அந்தக் கதையை நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது. ஆகவே இரண்டு வைத்தியர்களும் கதைப்பதைத் தொடர்ந்து சொன்னேன், நிதானமாக, ஒரு சொல்லும் தவறாமல்.

அம்மா எழுந்தார். "அண்ணை, இவருக்கு என்னவோ செய்யுது" என்றார்.

மண்டபம் முழுக்க என் முகத்தைப் பார்த்தது. நான் மைக்கில் சொன்னேன்: "இருங்கோ பாமா. நொத்தாரிசு இன்னும் சாகேல்லை. கேக் வெட்டட்டும்."

என் முகம் அசையவில்லை. சனம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. பின்வரிசையில் ஒருவர் கதிரையோடு சரிந்தார். அம்மா வெட்கப்பட்டுத் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். கேக் வெட்டி முடிய இன்னும் மூன்று நிமிடம் எடுத்தது. அதற்குப் பிறகுதான் விளக்கைப் போட்டேன். அம்புலன்ஸ் கெதியாக வந்தது, அவர்களில் ஒரு பிழையும் இல்லை.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. "எப்பவும் பகிடி விடுற மனிசன், ஆருக்குத் தெரியும்" என்றார்கள். செத்தவீட்டில் இரண்டு பேர் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். நான் நன்றாகத்தான் நித்திரை கொள்கிறேன். உடம்பு மட்டும் ஓரிடத்தில் இருக்க மாட்டேன் என்கிறது. காலையில் ரயிலேறி ஒஸ்லோ போகிறேன், எதிர் மேடைக்கு நடந்து அடுத்த ரயிலில் திரும்பி வருகிறேன். சில நாள் ஆறு தடவை. நடப்பது வயதானவர்களுக்கு நல்லது.

ஆகவே அட்டையைத் திருத்தும். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு மூச்சு நிற்கிறதென்று எனக்குத் தெரியும், என்ன செய்யவேண்டும் என்றும் தெரியும். நான் எழும்பவில்லை. எழும்பின உம்முடைய அம்மாவையும் இருத்தினேன். அதனால் அவர் செத்தார். இந்தக் கடிதத்தை மலரில் போட்டாலும் சரி, பொலிசில் கொடுத்தாலும் சரி, உம்முடைய விருப்பம். எனக்கு அவர்மேல் ஒரு கோபமும் இருந்ததில்லை. படம் கெட்டுவிடக்கூடாது என்பதற்காக மட்டும்தான். ஐந்தாவது கதையை அன்று போடக் கிடைக்கவில்லை. அதைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்கவுமில்லை.

தான் ஏன் திரும்ப இருந்தேன் என்று அம்மா ஒவ்வொரு நாளும் அழுவதாகச் சொன்னீர். நொத்தாரிசு இன்னும் சாகேல்லை என்றது படத்தில் வந்த வசனமோ என்று உம்மிடம் கேட்டாராம். இல்லை என்று சொல்லும். ஆறு வருடத்தில் அன்றுதான் மண்டபம் முழுக்க எனக்காகச் சிரித்தது. அது படத்தில் இல்லை, பிள்ளை. அது என்னுடைய சொந்த வசனம்.

இப்படிக்கு,
கிளெமென்ற் மாமா